சனிக்கும் மகிமை, ஞாயிறுக்கும் மகிமை

அவருடைய பெயரைப் பதினெட்டு வருஷம் என் கையால் எழுதியிருக்கிறேன். விடியுமுன் ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். நான் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு முதல் வேலை அதுதான். அத்தனை தடவை எழுதிய அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் துணியவில்லை. எழுதக் கூடாத ஒரு நாளில் அதை எழுதிவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

'அவர்' என்று எழுதுகிறேனே தவிர, அந்தக் காலத்தில் எனக்கு அவர் 'நீ'தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த பெண். இருந்தும் வா, போ, ஏன் லேட்டு என்றுதான் பேசினேன். வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் ஆட்களிடம் கணக்கப்பிள்ளை அப்படித்தான் பேசவேண்டும் என்று யாரோ எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். யார் என்று இப்போது ஞாபகம் இல்லை. யாரும் சொல்லாமல் நானே கற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பதுளையில் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வியாபாரம் எனக்கு ஒட்டவில்லை. நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்ததை வைத்து, ஹாலிஎலைக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்னை அப்பா சேர்த்துவிட்டார். ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரைக் கவனித்துவிட்டேன். கவனிக்காமல் இருக்க முடியாது. தோட்டத்திலேயே வேகமாகக் கொழுந்து எடுக்கிற கை அவருடையது. தேயிலைச் செடி நிரையில் நுழைந்தால் இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். கண் வேறெங்கோ இருக்கும். பக்கத்து நிரைப் பெண்கள் அவரை எட்டிப் பிடிக்கப் பார்த்துப் பார்த்தே வேகமாகிவிட்டார்கள். அவரை முன்னால் விட்டால் மற்றவர்களை விரட்ட வேண்டிய வேலை எனக்குக் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கை அசையாது.

அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். திருச்சிப் பக்கத்தில் ஏதோ ஒரு கோயில் ஊரிலிருந்து வந்தவர். எங்கள் பிரிவின் ஐந்து லயங்களிலும் அந்த வேதத்தில் இருந்தது அவர் குடும்பம் ஒன்றுதான். இன்னும் மூன்று குடும்பம் மேல்மலைப் பிரிவில் இருந்தது. சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் அவருடைய ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய விறகைப் பிளந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, மாவரைத்து, துணி துவைத்து எல்லாவற்றையும் அன்றைக்கே முடித்துவிடுவார். மறுநாள் காலையில் குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, லயத்து வாசலில் பதுளை இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பதுளைக் கோயிலில் பூசை நடக்கிற நேரம் அது. இங்கிருந்தபடியே மனத்தால் அந்தப் பூசையைக் காண்கிறாராம். மாதத்தில் ஒரு ஞாயிறு நடந்தே பதுளைக்குப் போய் வருவார். பூசையில் நன்மை என்கிற அப்பம் வாங்குகிறவர்கள் நடுராத்திரி முதல் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அத்தனை மலையும் இறங்கிப் போவார்.

கொழுந்து அதிகமாக வருகிற மாதங்களில் தோட்டத்துத் துரை ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு ஆள் கேட்பார். இஷ்டப்பட்டவர்கள் வரலாம் என்பது பேச்சு. நான் லயத்துக்குப் போய் அவரையும் கூப்பிட்டேன். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். மரியாதையாகவே சொன்னார்.

"ஆறு நாளு இந்தக் கை தொரைக்குங்க. ஏழாம் நாளு, கை குடுத்தவருக்கு."

அதைப் போய் அப்படியே துரையிடம் சொன்னேன். அவரும் வேதக்காரர்தான், வேறு சபை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பதுளைக் கிளப்பில் பந்து விளையாடப் போகிறவர். நான் சொன்னதைக் கேட்டதும் முகம் சற்றே சிவந்தது. விட்டுவிடு, அவளைத் தொந்தரவு செய்யாதே என்றார். துரையே விட்டுவிட்டார். நான் விடவில்லை. வார்த்தைக்கு வார்த்தை பதில் வைத்திருக்கும் கூலிக்காரப் பெண் என்று எனக்குள் ஒரு முள் குத்தியபடியே இருந்தது.

அதனால் சீண்டுவேன். லயத்துப் பிள்ளைகள் பேன் பார்க்க அவரிடம்தான் வருவார்கள். ஞாயிறு வந்தால் அவர்களையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். பேனுக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவா என்று கேட்டேன். அதுவும் ஒரு நாள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது முன்பல் ஒன்று இல்லாதது தெரியும். சட்டென்று வாயை மூடிக்கொள்வார்.

ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு லயத்தில் ஒரு பெண் பிரசவ வலி கண்டு இரண்டு நாளாகப் பிள்ளை இறங்காமல் கிடந்தாள். நான் போனபோது அவர் வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் சுமந்தபடி இருந்தார். சேலையெல்லாம் கரியும் ரத்தமும். இன்றைக்குக் கை உன்னுடையது இல்லை என்றாயே என்று கேட்டேன். குடத்தை இறக்காமலே, "அதான் அவரு எடுத்துக்கிட்டாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் பிள்ளை பிறந்தது.  அப்போதே அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது, கூடவே எரிச்சலும் வளர்ந்தது.

கற்பனை என்ற சொல்லுக்கு அவர்கள் வேதத்தில் கட்டளை என்று பொருள். அது எனக்குத் தெரியாது. ஞாயிறு வேலை செய்யாதிருப்பது ஆண்டவருடைய மூன்றாம் கற்பனை என்று ஒருநாள் சொன்னார். எல்லாம் கற்பனைதானே, பிறகென்ன என்று நான் கெக்கலித்தேன். அவருக்கு என் கேலி புரியவில்லை. ஆமாங்க, பத்தும் கற்பனைதாங்க என்று தலையாட்டினார். ஆட்களை மேய்க்கிற கங்காணியிடம் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தேன்.

தோட்டத்தில் அவர் நாள் எண்ணிய விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். லயத்தில் காலண்டர் ஏது. மற்றவர்கள் செவ்வாய், வெள்ளி என்று மாரியம்மன் விளக்கை வைத்து நாள் பிடிப்பார்கள். அவர் செபமாலையை வைத்துப் பிடித்தார். அந்தியில் தினமும் செபமாலை சொல்லும்போது, அந்தந்தக் கிழமைக்கு ஒரு தேவரகசியத்தை மனத்தில் நினைக்க வேண்டுமாம். திங்கள் சந்தோஷம். செவ்வாய் துக்கம். புதன் மகிமை. வியாழன் மறுபடி சந்தோஷம், வெள்ளி துக்கம், சனி மகிமை. உயிர்த்த ஞாயிறு தாண்டிவிட்டால் ஞாயிறுக்கும் மகிமை. நேற்று என்ன சொன்னோம் என்று நினைத்தால் இன்று என்ன கிழமை என்று தெரிந்துவிடும். இதை அவர்தான் எனக்கு விளக்கமாகச் சொன்னார். நான் கேட்டேன் என்ற சந்தோஷத்தில் விரல் மடக்கிச் சொன்னார்.

"அப்ப சனிக்கும் மகிமை, ஞாயிறுக்கும் மகிமை. ரெண்டும் அடுத்தடுத்து வருதே, கொழம்பாதா?" என்றேன்.

"நல்ல தெம்புல இருந்தா கொழம்பாதுங்க," என்றார்.

அவருடைய புருஷனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் கோயிலுக்குப் போகாதவர். இந்த ஊருக்கு நடந்து வந்த காலத்தில், வடக்குப் பாதையில் பேதி கண்டு அவர்களுடைய மூத்த பிள்ளை செத்துப்போனது. குழிகூடச் சரியாக வெட்டவில்லையாம்; கூட்டம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்ததாம். அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சாமிக்கும் பேச்சில்லை என்று விட்டுவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் பேச்சில்லை. பெண்டாட்டியைத் தடுக்கவும் மாட்டார், கூடப் போகவும் மாட்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரராக இருந்த மனுஷன், கடைசியில் இளைப்பு நோயில் விழுந்து லயத்துக் காம்பரா அறைக்குள்ளேயே முடங்கிவிட்டார். வெளியில் என்ன கிழமை, என்ன மாதம் என்று எதுவும் கேட்டுக்கொள்ளமாட்டார்.

நான் சேர்ந்த ஏழாம் வருஷம் வைகாசியில் அந்தம்மா என்னிடம் வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தகரக் கோயில் இருந்தது. எங்களிடமிருந்து மூன்று மைல் இறக்கம். பதுளைக் கோயிலில் பூசை வைக்கிற சுவாமியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் அங்கே வருவார். இந்த முறை வரும்போது தன் பாவங்களை அவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யப் புருஷன் ஒத்துக்கொண்டுவிட்டாராம். எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன். தான் இத்தனை வருஷம் வற்புறுத்தவே இல்லையாம். முந்தாநாள் ராத்திரி இருமி ஓய்ந்தபின் புருஷனே, சுவாமியாரு இனி எப்ப வர்றாரு என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயை மூடிக்கொள்ள மறந்து சிரித்தார். அந்த ஞாயிறு வர இன்னும் பதினாறு நாள் இருந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. அந்த மாதம் பாதித் தோட்டமே காய்ச்சலில் கிடந்தது. அவரும் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் மருந்தான கொயினாத் தண்ணீர் குடித்துக் காதெல்லாம் இரைகிறது என்று பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். இங்கே மழைக்குப் பின் வெயில் அடித்துக் கொழுந்து வெடித்துக் கிளம்பிவிட்டது. ஏழாம் நம்பர் மலை அப்படியே முத்திக்கொண்டிருந்தது. ஞாயிறு பொழுதுசாய அந்த மலை முடியாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடு என்று துரை என்னைப் பார்த்துச் சொன்னார். கங்காணிகள் முன்னால் சொன்னார்.

அதனால் அந்த ஞாயிறு, ஆட்களை எழுப்புகிற தப்பு மேளத்தை வழக்கமான வேலை நாள் நேரத்திலேயே அடிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையில் அது கொஞ்சம் விடிந்தபின்தான் அடிக்கும். களத்துக்கு வந்த ஆள் போதவில்லை. லயத்தில் பெண்கள் பலர் படுத்துக் கிடந்தார்கள். காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் அந்தம்மா போகல, நாங்களும் போகல என்று சொல்ல ஒரு சாக்கு இருந்தது. அந்த நேரத்தில் அவர் வந்தார். முதுகில் கூடை. முகம் சுருங்கிக் கறுத்திருந்தது.  பெரட்டு வரிசையில் நிற்காமல் நேரே என்னிடம் வந்தார். பக்கத்தில் கங்காணி நின்றார்.

"ஐயா, இன்னைக்கு ஞாயிறுங்களா, திங்களுங்களா? நேத்து மகிமை சொன்னேன். அது மொத மகிமையா ரெண்டாவதான்னு தெரியலீங்க. தப்புச் சத்தம் கேட்டுத்தான் வந்தேன்."

ஒரே ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன்.

"திங்கள்."

யோசித்துச் சொன்னேனா என்று பலமுறை என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் எடுக்கிற கொழுந்தால் ஒரு மலை முடிந்துவிடாது. ஆனால் அவர் கூடையோடு மலை ஏறுவதைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சாக்கு இருக்காது. அது ஒரு காரணம். என் உத்தியோகம் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. ஒரு தடவையாவது அந்தக் கையை ஞாயிற்றுக்கிழமை அசைத்துப் பார்க்கவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அது வெட்கங்கெட்ட நினைப்பு. அது இல்லை என்று சொன்னால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

அவர் அப்படியே நின்றார். "அப்ப சுவாமியாரு வந்துட்டுப் போயிட்டாருங்க," என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். களத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பூசைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கங்காணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். நான் பெயர்ப் புத்தகத்தில் அவருக்கு நேரே கோட்டைப் போட்டேன். காய்ச்சல் உடம்பு, கூட்டத்தோடு போகவேண்டாம், மேலோரத்து நிரையில் தனியாக மெதுவாக எடு என்று அனுப்பினேன். இரக்கம் மாதிரி இருந்தது அது. யாரும் அவரிடம் பேசிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன்.

அவர் ஏறிப்போவதைப் பார்த்து லயத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் கூடையோடு வந்துவிட்டார்கள். நான் நினைத்தது நடந்தது.

பகல் நிறுவைக்குக் கொழுந்தோடு எல்லாரும் இறங்கியபோது ஒரு பெண், என்ன அக்கா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா நீங்களே வந்துட்டீங்க என்று கேட்டுவிட்டாள். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கூடையை இறக்கிய விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கவனமாகத்தான் இறக்கினார். பிறகு ஓடினார். காய்ச்சல் விட்டு எழுந்த உடம்பு, இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடினார். புருஷனைக் கிளப்பி, தோளில் சாய்த்துக்கொண்டு அந்த மூன்று மைல் இறக்கத்தில் நடத்திப் போனாராம். நடுவில் மூச்சு முட்டி அந்த மனுஷன் ரோட்டோரம் படுத்தே விட்டாராம். அவர்கள் தகரக் கோயிலை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. சுவாமியார் சாப்பிட்டுவிட்டுப் பசறைப் பக்கம் குதிரையில் போய் இரண்டு மணி நேரமாகிவிட்டது என்று கோயில் உபதேசியார் சொல்லியிருக்கிறார்.

ஏழாம் நம்பர் மலை அன்று முடிந்தது. துரை என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தியில் அவர் என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். கங்காணியும் அங்கே இருந்தார். வந்தவர் மெதுவாகக் கேட்டார்: நான் காலையில் ஒங்ககிட்டக் கேட்டேனுங்களே, நீங்க திங்கள்னு சொன்ன மாதிரி இருக்குதுங்களே. சொன்ன மாதிரி இருக்குது என்றார். சொன்னீர்கள் என்று சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை பொய் சொல்லியிருப்பான் என்று நினைக்க அவருக்கு வரவில்லை. எனக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

"நீ எங்க கேட்ட? நீயாத்தான் ஞாயிறு போயிருச்சேன்னு பொலம்பிக்கிட்டு வந்த. காய்ச்சக்காரின்னு நான் பேசாம விட்டேன். கொயினாக் காதுல என்ன கேட்டுச்சோ. ஒரு மகிமைய ரெண்டா எண்ணியிருப்ப."

கங்காணி, ஆமா, நானும் அங்கதான நின்னேன் என்றார்.

அவர் என்னைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்படித்தான் இருக்கும் போலங்க. ஒரு மகிமைய ரெண்டா எண்ணிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் சொன்னது ஒரு பொய். அதற்கு உத்தியோகம் என்றாவது பெயர் வைக்கலாம். அந்தியில் சொன்னதற்கு எனக்கு இன்றுவரை பெயர் கிடைக்கவில்லை. அவர் எனக்கு நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்து அவரையே அடித்தேன்.

புருஷன் ஆவணி பிறக்குமுன் செத்துப்போனார். சுவாமியார் அடுத்த முறை வர மூன்று வாரம் இருந்தது. பதுளைக்கு ஆள் அனுப்பினார்கள். சுவாமியார் அங்கும் இல்லை, வெலிமடைப் பக்கம் போயிருந்தார். மேல்மலைக் குடும்பங்கள் வந்து செபம் சொல்லிப் புதைத்தார்கள். நானும் போனேன். போகாமல் இருந்தால் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் போனேன். அவர் அழவில்லை. என்னிடம் வந்து கும்பிட்டார்.

"அவரு எங்க போயிருக்காருன்னு தெரியலீங்க ஐயா. போகக் கூடாத எடத்துக்குப் போயிருந்தா, அது என் எண்ணிக்கையால."

காலம்தான் எல்லாவற்றையும் ஆற்றும், அழாதே என்று நான் சொன்னேன். அவர் அழவே இல்லை என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தன் எண்ணிக்கையை நம்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை விட்டுப் போகும் வழியில் என்னிடம் வந்து நிற்பார். "ஐயா, நாளைக்கு ஞாயிறுதானுங்களே?" நான் ஆமாம் என்பேன். கும்பிட்டுவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை தவறவில்லை. தோட்டத்தில் இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் கேட்கவேண்டும் என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். நாள் எழுதுற புஸ்தகம் ஒங்க கையிலதானேங்க இருக்கு என்றார். சனிக்கிழமை பகல் வந்தாலே, அவர் வருகிற பாதையை விட்டு ஸ்டோர்ப் பக்கம் ஒதுங்கிப் பார்த்தேன். தேடிக்கொண்டு வந்து கேட்டார். கங்காணியிடம் ஒருநாள் வாய்விட்டுப் புலம்பினேன். செத்த மனுஷனுக்கு நீங்க திங்கள்னு சொன்னாலும் ஒண்ணுதான், ஞாயிறுன்னு சொன்னாலும் ஒண்ணுதான் என்றார் அவர். இரண்டு வருஷத்தில் கங்காணியும் ஊருக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

பதினோரு வருஷம் அப்படிப் போனது. மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிற வெடிச்சத்தம் தெமோதரைப் பக்கம் கேட்கத் தொடங்கியிருந்தது. அப்பா காலமானார். கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. பதுளைக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டி கட்டியாகிவிட்டது. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் கடைசி வாரம் வரை நினைத்திருந்தேன். சனிக்கிழமை அவர் வந்து வழக்கம்போலக் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் யாரிடம் கேட்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் பகல் லயத்துக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டு எழுந்தார். உட்காருங்கள் என்றேன். அந்தச் சொல்லுக்கே அவர் திகைத்துவிட்டார்.

"அன்னைக்குக் காலையில நீங்க என்கிட்டக் கேட்டீங்க. ஞாயிறுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் திங்கள்னு சொன்னேன். சாயங்காலம் நீங்க கேக்கவே இல்லைன்னு சொன்னதும் பொய்."

அவர் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு, "நான் கேட்டேனுங்களா?" என்றார்.

"கேட்டீங்க."

"நெசமாவே கேட்டேனுங்களா ஐயா? நல்லா ஞாபகம் இருக்குதா?"

"கேட்டீங்க. கங்காணியும் பக்கத்துலதான் நின்னாரு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். அவர் முகத்தில் முதலில் வந்தது ஆறுதல். தோள் இறங்கியது. பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தான் கேட்டிருக்கிறோம், தன்னால் ஆனதைச் செய்திருக்கிறோம் என்ற அந்த ஆறுதலைப் பார்த்தபோதுதான், ஒரு சொல்லில் தீர்ந்திருக்க வேண்டியதைப் பதினோரு வருஷம் அவர் தலையில் ஏற்றி வைத்திருந்தேன் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. அன்று செய்ததைவிட அதற்குப் பின் பேசாமல் இருந்தது பெரிய பாவம்.

"ஒவ்வொரு தடவையும் பாவசங்கீர்த்தனத்துல இதத்தாங்க மொதல்ல சொல்லுவேன்," என்றார். "அது பாவமில்ல, காய்ச்சல்னு சுவாமியாரு சொல்லுவாரு. நான் கேக்கமாட்டேன். அவருக்கே சலிச்சுப் போச்சு. பதினோரு வருஷமா ஒங்க பாவத்த நான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேங்க."

மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன்.  அவர் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். தன் பங்கை மன்னித்துவிட்டதாகவும், செத்தவருடைய பங்கைத் தான் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்குப் போயிச் சொல்ல ஒரு சுவாமியாரு இருந்தாரு. ஒங்களுக்கு யாருங்க இருக்கா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லை என்றேன்.

"அப்ப கொஞ்ச நேரம் உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் நகர்ந்து இடம் விட்டார். அந்தத் தோட்டத்தில் இருந்த பதினெட்டு வருஷத்தில் ஒரு லயத்து வாசலிலும் நான் உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தேன்.